எம்.டி. கையால் வைத்த பொட்டு

நீலமணி ஃபைன் கெமிக்கல்ஸில் ஒரு பொருளைத் துடைப்பதற்கு நான்கு கையெழுத்து வேண்டும். அதே பொருளுக்குப் பொட்டு வைப்பதற்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் முத்தம்மாளுக்கு அந்தத் தொல்லை வந்திருக்காது. தெரியாமல் போனதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. விதி எழுதப்பட்ட கோப்பு பாதுகாப்புத் துறை அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

என் பெயர் சேரன். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியில் பாதுகாப்புத் துறையின் ஆவணப் பொறுப்பாளர், அதாவது டைப் அடிப்பவன். ஆபத்து என்று யாராவது சொன்னால் அதற்கு ஓர் எண் கொடுத்து, ஃபைலில் போட்டு, ஃபைலுக்கும் ஓர் எண் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் ஓர் ஆபத்துகூட என்னைத் தாண்டி வெளியே போனதில்லை.

பொட்டு விவகாரம் ஆயுத பூஜையன்று தொடங்கியது. வருடா வருடம் அன்று ஃபோர்க்லிஃப்டில் ஆரம்பித்து என் மேஜை ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. போன அக்டோபரில் எம்.டி.யே சென்னையிலிருந்து நேரில் வந்துவிட்டார். அவரை மூன்றாம் நம்பர் ரியாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரியாக்டர் என்றதும் மிரள வேண்டாம். ரசாயனத்தை மூடி போட்டுக் கொதிக்க வைக்கும் பெரிய இரும்பு அண்டா, அவ்வளவுதான். எம்.டி. மூன்று விரலால் சந்தனத்தை வழித்துக்கொண்டு, வைப்பதற்கு முகம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். அழுத்தம் காட்டும் கேஜ், டிபன் பாக்ஸ் மூடி அகலத்தில், வட்டமாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அப்பினார். ஃபோட்டோ எடுப்பவர், "சார், இன்னொரு தடவ, லேசா இந்தப் பக்கம் திரும்பி" என்றார். இன்னொரு தடவையும் அப்பினார். முள்ளும் எண்களும் சந்தனத்துக்குள் போய்விட்டன.

சாதாரணச் சந்தனமாக இருந்தால் பத்து நாளில் காய்ந்து உதிர்ந்திருக்கும். அதற்கு முந்தைய வருடம் ஃபோட்டோ எடுப்பதற்குள் உதிர்ந்து பெரிய அவமானமாகிவிட்டதால், இந்த முறை கேன்டீன்காரர் கொஞ்சம் கோந்து கலந்திருந்தார். அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான்தான் டைப் அடித்தேன்.

இனி அந்தக் கேஜை யார் துடைப்பது? எம்.டி. கையால் வைத்த பொட்டு. ஆபரேட்டர்கள் மணிக்கு ஒரு முறை கேஜைப் பார்த்து லாக் ஷீட்டில் அளவு எழுத வேண்டும். பூஜைக்கு முன்பு கடைசியாக எழுதியது மூன்று புள்ளி இரண்டு கிலோ அழுத்தம். அடுத்த மணிக்கு ஆபரேட்டர் வந்தார், பார்த்தார், சந்தனம் தெரிந்தது, 3.2 என்று எழுதினார். அதற்கடுத்த மணிக்கும் 3.2. இது யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. முதல் ஆள் எழுதினார், மற்றவர்கள் அவரை மதித்தார்கள். இப்படியே ஐந்து மாதம் ஓடியது.

மாதக் கடைசியில் அந்த எண்களை வைத்து வரைபடம் போடுவதும் நான்தான். ஸ்கேல் வைத்து இழுத்த கோடாக வந்தது. எங்கள் தலைமைப் பாதுகாப்பு அலுவலர் மணவாளன் சார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சேரா, இவ்ளோ ஸ்டெடியா ஓடுற ரியாக்டர் தமிழ்நாட்டுலயே கெடையாதுய்யா. இத வெச்சே நாம தங்கக் கேடயத்துக்கு அப்ளை பண்ணலாம்."

தங்கக் கேடயம் என்பது தென்மண்டலத் தொழிற்பாதுகாப்பு மேன்மைப் பேரவை வருடம் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது. விண்ணப்பம் இருநூற்றுப் பத்துப் பக்கம் வந்தது. அட்டைப்படத்தில் அந்தக் கோடு.

கோடு நேராக ஓடிய காலத்தில் ரியாக்டருக்குள் நடந்தது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. ஆவியைக் குளிர வைக்கும் குழாய்களில் அந்த உப்பு படிந்து படிந்து அடைத்துக்கொண்டு வந்தது. அழுத்தம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆறு கிலோவைத் தாண்டினால் தானாகத் திறந்துகொள்ள ஒரு சேஃப்டி வால்வு உண்டு. கேடயக் குழு வரும் என்று பொங்கலுக்கே அதற்கு மூன்று கோட் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டோம். வால்வு அழகாக இருந்தது. திறக்க வேண்டிய வாய் பெயின்டில் ஒட்டிக்கொண்டது.

முத்தம்மாள் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்ப்பவள். கம்பெனியின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கத் தெருவில் அவள் வீடு. அடுப்படியில் நின்று பார்த்தால் மூன்றாம் ரியாக்டரின் தலை தெரியும். மகள் வெண்மதி சிதம்பரத்தில் தங்கிப் படிக்கிறாள், இரண்டாம் வருடம். அந்தப் படிப்பு முழுக்க முத்தம்மாள் கழுத்தில் தொங்கிய கேட் பாஸில்தான் ஓடியது. பாஸ் போனால் மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

மார்ச் முதல் வாரம், பாதுகாப்பு வாரம். கேடயக் குழு வரப்போகிறது. "எதப் பார்த்தாலும் மூஞ்சி தெரியணும்" என்று மணவாளன் சார் உத்தரவு போட்டார். முத்தம்மாள் உத்தரவைச் செய்கிறவள். பைப்பைத் துடைத்தாள், படியைத் துடைத்தாள், மூன்றாம் ரியாக்டருக்கு வந்தாள். கேஜின் மேல் ஏதோ பழைய அழுக்கு மஞ்சளாக ஒட்டிக்கிடந்தது. ஈரத்துணிக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத் துண்டைப் போட்டுத் தேய்த்தாள். வந்துவிட்டது.

"கொளஞ்சி, இங்க வா தம்பி. இந்த முள்ளு செவப்புல நிக்குது பாரு."

அந்த ஷிஃப்ட் ஆபரேட்டர் கொளஞ்சி வந்து பார்த்தான். கையிலிருந்த லாக் ஷீட்டைப் புரட்டினான்.

"யக்கா, ஒன்ன யாரு இத தொடைக்கச் சொன்னது?"

"மூஞ்சி தெரியணும்னாங்க, தொடச்சேன். ஏன், செவப்புல நின்னா தப்பா?"

"ஏழு காட்டுது. ஆறுக்கு மேல போனா ஆபத்துன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க. ஆனா லாக் ஷீட்ல மூணு புள்ளி ரெண்டுல்ல இருக்குது. இப்ப நான் எத எழுதுறது?"

கொஞ்ச நேரம் யோசித்தான். 3.2 என்று எழுதிவிட்டு, கேஜ் துடைக்கப்பட்டுவிட்டது என்று தகவல் சொல்ல ஓடினான்.

அரை மணி நேரத்தில் கேஜைச் சுற்றி ஏழு பேர் நின்றோம். முள் ஏழில் நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் முத்தம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தொடைக்கறதுக்கு பர்மிட் வாங்குனியாம்மா?" என்றார் மணவாளன் சார்.

"பர்மிட்டுங்களா? துணிதான் சார் வாங்குனேன், ஸ்டோர்ல."

"இது என்னா உங்க வூட்டுக் கண்ணாடியா? பிரஷர்ல ஓடுற எக்யூப்மென்ட். அஞ்சு மாசமா ஒரு தொந்தரவும் குடுக்காம மூணு புள்ளி ரெண்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ கைய வெச்ச, ஏழுக்குப் போயிடுச்சு. நடுவுல நடந்தது என்னா? தொடச்சது. வேற எதாவது நடந்துச்சா? இதுதான்யா சயின்ஸு."

கொளஞ்சி மெல்ல வாயைத் திறந்தான். "சார், சந்தனத்துக்கு உள்ளயே ஏறியிருக்கும்..."

"நீ உள்ள பார்த்தியா?"

"பாக்கல சார்."

"பாக்காமயா மணிக்கு மணி எழுதி கையெழுத்துப் போட்ட?"

கொளஞ்சி எங்கள் ஏழு பேரின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "பார்த்தேன் சார்" என்றான்.

அன்று மாலை விசாரணைக் குழு கூடியது. எங்களிடம் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு. ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் எந்த விபத்துக்கும் வேர் கிடைத்துவிடும். முள் ஏன் சிவப்புக்குப் போனது? துடைத்ததால். ஏன் துடைக்கப்பட்டது? பொட்டை அழுக்கு என்று நினைத்ததால். ஏன் அப்படி நினைத்தார்? பயிற்சி இல்லாததால். ஏன் பயிற்சி இல்லை? கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதால். ஏன் கான்ட்ராக்ட் தொழிலாளி? இந்த ஐந்தாவது ஏனுக்கு வந்ததும் குழு டீ குடித்துவிட்டு, நான்கே போதும் என்று முடிவு செய்தது.

பரிகாரம் எளிமையானது. எந்த மாற்றத்தால் பிரச்சினை வந்ததோ அதைத் திருப்பிப் போட வேண்டும். பொட்டைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் பழைய பொட்டு எம்.டி. வைத்தது, எம்.டி. அப்போது மும்பையில் இருந்தார். ஆகவே அவருடைய வலது கை மூன்று விரல்களின் அதிகாரத்தை, இந்த ஒரு பணிக்கு மட்டும், மணவாளன் சாருக்கு மாற்றி ஓர் ஆணை வாங்கினோம். அதை டைப் அடிக்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பக்கத்தில் மணவாளன் சார் நின்றுகொண்டிருந்தார். சந்தனத்துக்குப் பாதுகாப்புக் குறிப்பேடு தயாரித்தோம்: கண்ணில் பட்டால் நீரால் கழுவவும், விழுங்கினால் மருத்துவரை அணுகவும். பொட்டின் விட்டம், கனம் எல்லாம் நிர்ணயமாயின. மணவாளன் சார் ரப்பர் கையுறை, முகக்கவசம், ஹெல்மெட், இடுப்பில் கயிறு சகிதம் போய், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்த கேஜுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். அடுத்த மணி லாக் ஷீட்டில் 3.2. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மிச்சம் இருந்தது முத்தம்மாளின் வாக்குமூலம். 'நான் துடைப்பதற்கு முன் முள் 3.2-இல் இருந்தது' என்று நான் டைப் அடித்து வைத்திருந்தேன். கீழே அவள் கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடப்படும்.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், சந்தனத்துக்குள்ள இருந்தத நான் எப்படி சார் பார்த்தேன்?"

"ஆபரேட்டர் பார்த்தேன்றான்ல? நீயும் போடு."

"அந்தத் தம்பி எப்படிப் பார்த்துச்சோ எனக்குத் தெரியாது. பாக்காததப் பார்த்தேன்னு எழுதிட்டு, நாளைக்கு அது வெடிச்சா மொதல்ல என் வூட்டு மேலதான சார் வந்து வுழும்?"

"கமிட்டி வர்ற நேரத்துல வெடிக்கறது கிடிக்கறதுன்னு பேசக்கூடாது" என்றார் மணவாளன் சார். கையை நீட்டினார். முத்தம்மாள் கேட் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். கயிறு தலைமுடியில் மாட்டிக்கொண்டது. மெதுவாக எடுத்துவிட்டாள். நான் என் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ் திரும்ப வேண்டுமென்றால் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது எட்டு மணி நேரப் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேற வேண்டும். அவள் பயிற்சிக்கு வந்தாள். வீடியோ இந்தியில் ஓடியது. தேர்வுத் தாளில் ஒரு படம். 'இதில் உள்ள ஆபத்தைக் குறிப்பிடுக' என்று கேள்வி. ஹெல்மெட் இல்லாமல் ஏணியில் நிற்கும் ஆளை வட்டமிட வேண்டும். முத்தம்மாள் படத்தைப் பார்த்தாள், பிறகு அறையைப் பார்த்தாள். 'இந்த ரூம்ல அவசர வழிக் கதவு முன்னால பாதுகாப்பு வார பேனர் மூட்டையா அடுக்கியிருக்கு, தொறக்க முடியாது' என்று எழுதிவிட்டாள். விடைத்தாளில் அப்படி ஒரு விடை இல்லை. பூஜ்யம் போட்டோம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். செக்யூரிட்டி அந்தோணிசாமி அவளுக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே காவல் பார்த்தார். "சிதம்பரத்துல ஃபோன் பண்ணி புள்ளைகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாராம். "சொன்னா கெளம்பி வந்துடும். அதான் சொல்லல" என்றாளாம்.

ஒன்பதாவது நாள் கேடயக் குழு வந்தது. தலைவர் ராமாமிர்தம் ஐயா, சிதம்பரத்துக்காரர், ஓய்வுபெற்ற பிறகும் ஓயாதவர். ஆறு வருடமாகத் தொழிற்சாலைகளைப் பார்வையிடுகிறார். சத்தம் ஒத்துக்கொள்ளாது என்பதால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, நெடி ஒத்துக்கொள்ளாது என்பதால் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பார்வையிடுவார். மூன்றாம் ரியாக்டர் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். மணவாளன் சாருக்கு வியர்த்தது.

"இது என்னாங்க?"

"பொட்டுங்கய்யா."

"கேஜுக்கு!" ராமாமிர்தம் ஐயா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தன ஃபாரின் கம்பெனி பார்த்திருக்கேன். மிஷின மிஷினாத்தான் பாக்கறான். நீங்க தெய்வமா பாக்கறீங்க. தெய்வம் தப்பு பண்ணுமா? இங்க எப்படிங்க ஆக்சிடென்ட் வரும்? ஆமா, தெனம் இந்தப் பொட்ட யாரு வெக்கறது?"

ஐந்து மாதத்துக்கு ஒரு முறை என்று சொல்ல முடியுமா? மணவாளன் சார் சொன்னார்: "அதுக்குன்னே ஒரு அம்மாவ வெச்சிருக்கோங்கய்யா."

"நான் அவுங்கள பாக்கணும்."

நான் கேட்டுக்கு ஓடினேன். கையெழுத்தும் இல்லாமல் தேர்வும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் முத்தம்மாளுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. புது ஹெல்மெட் போட்டார்கள். முன்பக்கம் 'திலகப் பொறுப்பாளர்' என்று நானே ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். ராமாமிர்தம் ஐயா அவளோடு நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். என்ன நடக்கிறதென்று அவள் என்னைக் கேட்டாள். "வேல கெடச்சிடுச்சும்மா, சும்மா நில்லு" என்றேன்.

இப்படியாக முத்தம்மாளின் அன்றாட வேலை: காலை ஏழு மணிக்குப் பழைய பொட்டை வழித்துவிட்டுப் புதுப் பொட்டு வைப்பது. வழிப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் அவள் முள்ளைப் பார்த்தாள். நானூறு பேர் வேலை செய்யும் அந்தக் கம்பெனியில் மூன்றாம் ரியாக்டரின் அழுத்தம் தெரிந்த ஒரே ஆள், அங்கே கூட்டிப் பெருக்க வந்தவள்தான்.

"ஏழரை" என்றாள் கொளஞ்சியிடம் முதல் நாள். மூன்றாம் நாள் "எட்டுக்குப் பக்கம்" என்றாள். கொளஞ்சி ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு 3.2 என்று எழுதினான். நேற்றுவரை 3.2 எழுதியவன் இன்றைக்கு எட்டு என்று எழுதினால், நேற்று என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேடய விழா. முத்தம்மாளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். வெண்மதி அம்மாவைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ராமாமிர்தம் ஐயா பேசினார்.

"விபத்து நடக்காத கம்பெனிங்க நெறைய இருக்கு. அது பெருமையில்ல, அது அதிர்ஷ்டம். விபத்து நடக்கவே முடியாதுன்னு பேப்பர்ல நிரூபிச்ச கம்பெனி எது? இருநூத்திப் பத்துப் பக்கம்! நான் படிக்கல, எடைதான் பார்த்தேன். தூக்க முடியல. அந்த உழைப்புக்குத்தான் இந்தக் கேடயம்."

கைதட்டல். பிறகு திலகப் பொறுப்பாளரை மேடைக்குக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முத்தம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா, அந்த முள்ளு எட்டுக்கு மேல நிக்குதுங்க. யாராச்சும் வந்து பாருங்க."

"எளிமை!" என்று ராமாமிர்தம் ஐயா மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க, மேடைலகூட அவுங்களுக்கு வேல நெனப்புதான்!" மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கேடயம் கம்பெனிக்குள் நுழைவதாக ஏற்பாடு. நாதஸ்வரம், ஆளுக்கு ஒரு லட்டு. கிழக்குக் கோடியில் கேன்டீன் திடலில் எல்லோரும் கட்டாயம் கூட வேண்டும் என்று சுற்றறிக்கை. அன்று மட்டும் ஏழு மணிப் பொட்டையும் ஒன்பதுக்குத் தள்ளிவைத்திருந்தோம். ரியாக்டர் பாட்டுக்கு ஓடும், அதற்கு லட்டு கிடையாது.

ஒன்பதரைக்குக் கொளஞ்சி என் அறைக்கு மூச்சு வாங்க வந்தான்.

"சார், முள்ளு ஒம்போது தாண்டிடுச்சாம். அக்கா பொட்டு வெக்க மாட்டேன்னு சந்தனக் கிண்ணத்தக் கீழ வெச்சுட்டாங்க. நானும் போய்ப் பார்த்தேன் சார், நெசமாவே பார்த்தேன். நிறுத்தணும் சார்."

அவசர நிறுத்தப் படிவத்தை எடுத்தேன். முதல் கட்டம்: கடந்த நான்கு மணி நேரப் பதிவேட்டு அளவு. ஆறுக்கு மேல் இருந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குச் செல்லவும். பதிவேட்டில் கொளஞ்சியின் கையெழுத்தில் நான்கு 3.2 இருந்தது.

"மாத்தி எழுதேன்டா."

"அடிச்சு எழுதினா டிஸ்மிஸ்னு நீங்கதான சார் போர்டு வெச்சீங்க."

உண்மைதான். அவன் மணவாளன் சாரைத் தேடித் திடலுக்கு ஓடினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முத்தம்மாள் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அந்தோணிசாமி மேஜையில் பாஸைக் கழற்றி வைத்தாள். ஒன்பது நாள் வெயிலில் நின்று காத்திருந்த பாஸ். அங்கே பேசிக்கொண்டதை அந்தோணிசாமி பிறகு எனக்குச் சொன்னார்.

"என்னா முத்தம்மா, அவுட் பாஸ் எங்க?"

"பாஸையே வெச்சுக்கங்கண்ணே. நீங்களும் ரோட்டுப் பக்கம் போய் நில்லுங்க."

கால் மணி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத் தெரு வெளியே வந்தது. அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவது தெரிந்தது. ஜனங்கள் குடத்தோடு, ஆட்டோடு, போர்வையில் சுற்றிய டிவியோடு மெயின் ரோட்டைப் பார்க்க நடந்தார்கள். நடக்க முடியாத ஒரு பெரியவரை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளினார்கள். படிவம் இல்லை, சைரன் இல்லை, நேரம் குறிக்க ஆள் இல்லை. நாங்கள் நடத்திய எந்த ஒத்திகையும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

சைரன் பொத்தான் என் நாற்காலியிலிருந்து ஆறு அடி. அதன் மேல் 'தலைமைப் பாதுகாப்பு அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதியின்றித் தொடாதே' என்று ஒட்டியிருந்தது. நான் டைப் அடித்ததுதான். தொடவில்லை. என் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கி, ரியாக்டரிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம், கேன்டீன் திடலுக்கு நடந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

திடலில் கொளஞ்சி மணவாளன் சாரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "கேடயம் உள்ள வர்ற நேரத்துல அபசகுனமா பேசாத" என்றார். கையை எடுத்தார். "பாதுகாப்புங்கறது நமக்கு..." என்று ஆரம்பித்தார். மேற்கே இடி மாதிரி விழுந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை, வேட்டு என்று நினைத்துவிட்டார்.

மூன்றாம் ரியாக்டரின் மூடி சுவரைத் தாண்டிப் போய் முத்தம்மாளின் அடுப்படியில் விழுந்தது. நான்கு வீட்டுக் கூரை போயிற்று. ஓர் ஆளுக்கும் ஒன்றும் இல்லை. கம்பெனிக்குள் எல்லோரும் லட்டுக்காக நின்றிருந்தோம். தெருவில் எல்லோரும் அவள் சொன்னதற்காகப் போயிருந்தார்கள். உயிர்ச்சேதம் ஏதுமில்லாமல் அவசரநிலையைக் கையாண்டதற்காகப் பேரவை மணவாளன் சாருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

விசாரணைக் குழு கூடியது. ரியாக்டர் ஏன் வெடித்தது? பதிவேட்டின்படி கடைசி அளவு 3.2, ஆகவே அழுத்தத்தால் இல்லை. அன்று மட்டும் என்ன மாறியிருந்தது? பொட்டு இல்லை. ஏன் இல்லை? திலகப் பொறுப்பாளர் பொட்டு வைக்காமல், அவுட் பாஸ் இல்லாமல் பணியிடத்தை விட்டு நீங்கியதால். இந்தத் தடவை இரண்டு ஏனிலேயே வேர் கிடைத்துவிட்டது.

வாக்குமூலப் படிவத்தோடு என்னை அனுப்பினார்கள். முத்தம்மாள் இடிந்த அடுப்படிக்கு வெளியே மூன்று கல் வைத்து உலை போட்டிருந்தாள். உள்ளே அந்த மூடி அப்படியே கிடந்தது. விசாரணை முடியும்வரை அதை நகர்த்தக்கூடாது என்று நாங்கள் சுற்றிலும் ரிப்பன் கட்டியிருந்தோம்.

"வெண்மதி வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு. அழுதுச்சு. தோ, காலைலதான் சிதம்பரம் பஸ்ஸு ஏத்தி வுட்டேன். நான் எங்கயாச்சும் பாத்திரம் தேய்ச்சாவது படிக்க வெச்சுக்கறேன் சார். நீங்க என்னா எழுதணுமோ எழுதிக்கங்க."

படிவத்தில் ஒரு கட்டம்: பணியிடத்தை விட்டு நீங்கும்முன் கேஜில் கண்ட அளவு.

"எவ்ளோ இருந்துச்சும்மா?"

"ஒம்போது. ஒம்போதுக்கு மேல ஒரு கோடு."

எழுதினேன். பதினோரு வருடத்தில், ஒருவர் கண்ணால் பார்த்து நான் எழுதிய முதல் எண் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் படிவம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் மணவாளன் சாரின் கையெழுத்து: 'அளவு எடுக்க இவருக்கு அங்கீகாரம் இல்லை. பதிவேட்டின்படி 3.2 எனத் திருத்தி அனுப்பவும்.'

ஒயிட்னரை எடுத்துக் குலுக்கியும் விட்டேன். மூடியைத் திறக்கக் கை வரவில்லை. சிவப்பு வட்டத்தோடு படிவத்தை அப்படியே மேலே அனுப்பினேன்.

இப்போது அந்தோணிசாமியின் மேஜை டிராயரில் இரண்டு கேட் பாஸ் கிடக்கிறது. ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. வெளியே வரும்போது ஹெல்மெட், அடையாள அட்டை, பேனா என்று பதினாறு பொருளைப் பட்டியல் போட்டு எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அலமாரிச் சாவி மட்டும் பட்டியலில் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. இன்றுவரை யாரும் கேட்கவில்லை.